தாலிக்கொடியை அடகு வைத்து பிஸ்டன் வாங்கப் போகிற தம்பிக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் ஓடிப்போய் "சூப்பர் டீச்சர்" என்று கமெண்ட் போடுகிற ஆட்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பையன் பழைய எஸ்டீம் கார் ஒன்று வைத்திருக்கிறான். அதில் டர்போ பொருத்தி டிராக்கில் ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. போன வாரம் நம் பழைய மாணவர் குரூப்பில் "பட்ஜெட் 2,40,000 ரூபாய். இன்ஜினுக்குள் என்ன போடலாம்?" என்று கேட்டிருந்தான். நாற்பது பேர் பதில் சொன்னீர்கள். நாற்பதும் ஒரே பதில். "முதல்ல ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு போட்டுடு மச்சி, அப்புறம் எவ்வளவு பூஸ்ட் வேணாலும் ஏத்திக்கலாம்."

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நாற்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அவன் வீட்டுக்காரியும் என் மாணவிதான். அவள் போன் பண்ணி அழுத பிறகுதான் எனக்கே தெரிந்தது. திங்கட்கிழமை அவள் கொடியைக் கொண்டுபோய் அடகு வைக்கப் போகிறானாம். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவனுக்குத் தெரியும்.

"மூணாங்கிளாஸ் டீச்சருக்கு பிஸ்டனைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான். இன்ஜினியர் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் நாற்பது வருடம் ரீபோரிங் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் பட்டறை, லீவு என்றால் முழு நாளும் பட்டறை. கணக்கு எழுதினேன், போர் கேஜ் பிடித்தேன், மைக்ரோமீட்டரில் ஜர்னல் அளந்தேன். உடைந்து வந்த பிஸ்டன்களை எத்தனை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. அந்த உரிமையில் பேசுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்ஜெட் குறைவாக இருக்கிறவன் முதலில் ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்குவது தப்பு. அது இன்ஜினைக் காப்பாற்றாது. சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அந்தப் பணத்தில் இன்ஜினை உண்மையாகவே காப்பாற்றும் நான்கு வேலைகளைச் செய்திருக்கலாம்.

முதலில், பிஸ்டன் ஏன் உடைகிறது?

"பூஸ்ட் அழுத்தம் தாங்காமல் உடைகிறது" என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். கணக்கு போட்டுப் பார்ப்போம். எஸ்டீமின் 16 வால்வு 1298 சிசி இன்ஜினுக்கு போர் 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75.5 மில்லிமீட்டர். பிஸ்டன் தலையின் பரப்பு 43 சதுர சென்டிமீட்டர். எரியும்போது சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் 60 பார் என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் மேல் விழும் பாரம் சுமார் 2.6 டன். டர்போ வைத்து அது 80 பார் ஆனால் 3.5 டன். கூடுதல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒழுங்காக, தள்ளுகிற மாதிரி வருகிற பாரம். நல்ல வார்ப்பு பிஸ்டன் அந்தக் கூடுதலைத் தாங்கும்.

தாங்காதது நாக்கிங். வைக்கோல் போரில் ஒரு ஓரத்தில் தீ வைத்தால் அது பரவிப் பரவித்தான் மறு ஓரத்துக்குப் போகும். பெட்ரோலும் அப்படித்தான் எரிய வேண்டும். ஸ்பார்க் பிளக்கில் பிடித்த தீ வரிசையாகப் பரவ வேண்டும். தீ போய்ச் சேரும் முன்பே மறு ஓரத்தில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வரும். அந்த அதிர்ச்சி அலை ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவரை உடைக்கும். பிஸ்டன் தலையைப் பூச்சி அரித்த மாதிரி ஆக்கும். கேஸ்கட்டைக் கிழிக்கும். பட்டறைக்கு வந்த டர்போ பிஸ்டன்களில் நான் பார்த்த உடைசல் பெரும்பாலும் இந்தச் சுவர் உடைந்ததுதான்.

நாக்கிங் எதனால் வருகிறது? காற்று சூடாகப் போவதால், பெட்ரோல் குறைவாகப் போவதால், ஸ்பார்க் சீக்கிரம் வருவதால். இந்த மூன்றில் எதை ஃபோர்ஜ்டு பிஸ்டன் சரிசெய்கிறது? ஒன்றையும் இல்லை! வார்ப்பு பிஸ்டன் ஒரு வாரத்தில் உடைந்தால் ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஒரு மாதம் தாங்கும். உடைந்த பிறகு செலவு நாலு மடங்கு.

காற்றின் சூட்டுக்கும் கணக்கு இருக்கிறது. நம் ஊரில் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதத் திறமையுள்ள டர்போ அந்தக் காற்றை 0.4 பார் அழுத்தினால் வெளியே வரும்போது கிட்டத்தட்ட 79 டிகிரி. 0.8 பார் அழுத்தினால் 115 டிகிரி. தண்ணீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டிப் போய்விட்டது. "ஃபோர்ஜ்டு போட்டாச்சு, 0.8 ஏத்து" என்று சொல்கிற வாய்கள் இந்தச் சூட்டைப் பற்றி ஏன் பேசுவதில்லை? அதற்கு நல்ல இன்டர்கூலர் வேண்டும், அது பார்க்க அழகாக இருக்காது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் பளபளவென்று இருக்கும், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம்.

அடுத்தது, "வார்ப்பு" என்றாலே கேவலம் என்கிற நினைப்பு. நம் ஊரில் டாக்ஸியாக ஓடிய டிசையர் டீசலைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின். டர்போ உண்டு. சிலிண்டர் அழுத்தம் சாதாரணப் பெட்ரோல் இன்ஜினைப் போல் இரண்டு மடங்குக்குப் பக்கம். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஹெட்டே கழற்றாத வண்டிகள் உண்டு. அதில் இருப்பது வார்ப்பு அலுமினிய பிஸ்டன். கம்பெனியிலிருந்தே டர்போவோடு வரும் பெட்ரோல் கார்களிலும் பெரும்பாலும் வார்ப்பு பிஸ்டன்தான். டீசல் பிஸ்டன் கனமானது, நாம் பேசுகிற நாக்கிங் அதற்கு இல்லை, அதைத் தூக்கிப் பெட்ரோலில் போடு என்று நான் சொல்லவில்லை. வார்ப்பா ஃபோர்ஜ்டா என்பது முதல் கேள்வி இல்லை என்றுதான் சொல்கிறேன். கம்பெனிக்காரன் வார்ப்பு பிஸ்டனை எப்படிக் காப்பாற்றுகிறான்? பெட்ரோலை அளந்து கொடுக்கிறான், நாக்கிங் சென்சார் வைக்கிறான், சூட்டைக் குறைக்கிறான். முதல் கேள்வி அங்கே இருக்கிறது.

இனி எங்கள் வீட்டு அழுக்கையும் சொல்ல வேண்டும். மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு இதை மறைத்தால் நியாயம் இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, நாலு பேருக்குப் புத்தி வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பையன் வெளிநாட்டிலிருந்து ஃபோர்ஜ்டு பிஸ்டன் வரவழைத்துக் கொண்டுவந்தான். 2618 என்கிற வகை. ஃபோர்ஜ்டில் இரண்டு வகை பரவலாக உண்டு. 4032 என்பதில் சிலிக்கான் 12 சதவீதத்துக்குப் பக்கம், சூட்டில் குறைவாக விரியும். 2618-இல் சிலிக்கான் மிகக் குறைவு, அடி தாங்கும், ஆனால் சூட்டில் நன்றாக விரியும். அதனால் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி அதிகம் விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் சூடாகும் வரை டக் டக் என்று சத்தம் வரும். அது நோய் இல்லை, குணம்.

அந்த டக் டக் வரக் கூடாது என்று எங்கள் பட்டறையில் கம்பெனி பிஸ்டனுக்கு விடுகிற 0.04 மில்லிமீட்டர் இடைவெளியே வைத்து ஹோனிங் பண்ணிவிட்டார்கள். "டைட்டா இருந்தாத்தான் வேலை சுத்தம்" என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. பிஸ்டனோடு வந்த தாளில் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போட்டிருந்தது. அந்தத் தாளைப் படித்தவள் நான். "இவ்வளவு லூசாவா, அச்சுப் பிழையா இருக்கும்" என்று அவர் சொன்னபோது தலையாட்டியவளும் நான்தான். நல்ல சூட்டில் அழுத்தி ஓட்டிய முதல் நாளே பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் கவ்விவிட்டது. நாலு பிஸ்டனும் போயிற்று, பிளாக்கும் போயிற்று. அவன் அப்பா பட்டறை வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். பிஸ்டன் பணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களிடமும் இல்லை.

அதிலிருந்து நான் கற்றது: பொருள் எவ்வளவு உயர்ந்ததோ, அளவில் அவ்வளவு கவனம் வேண்டும். உயர்ந்த பொருளை வாங்கிவிட்டு அளப்பதற்குக் காசு இல்லாமல் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை.

ரிங் இடைவெளியும் அப்படியே. ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் விடுகிற சந்து. டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பட்டறைக் கணக்கு, போர் அளவை 0.004-ஆல் பெருக்குவது. 74 மில்லிமீட்டருக்கு 0.30. டர்போ வைத்தால் ரிங் அதிகம் சூடாகி விரியும், அதனால் 0.005 முதல் 0.006 வரை. நடுவே வைத்தால் 0.41 மில்லிமீட்டர். இந்த 0.11 வித்தியாசத்தை விடாவிட்டால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு, போக வழியில்லாமல் பிஸ்டன் சுவரைப் பிய்த்துவிடும். இதைச் சரிசெய்ய ஒரு ஃபீலர் கேஜ், ஒரு அரம், அரை நாள் பொறுமை போதும். இந்த வேலையை விட்டுவிட்டு எந்த பிஸ்டனைப் போட்டாலும் உடையும்.

இப்போது ராடுக்கு வருவோம். "எச் பீம் ராடு போட்டால் 9000 ஆர்பிஎம் போகலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ராடை இரண்டு சக்திகள் கொல்லும். ஒன்று மேலிருந்து அழுத்துவது, அது பூஸ்டால் வருவது. இன்னொன்று இழுப்பது. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது ராடும் அதன் போல்ட்டும் அதைப் பிடித்து இழுக்க வேண்டும். இந்த இழுவை ஆர்பிஎம்மின் வர்க்கமாக ஏறும். பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டீமில் 6500 ஆர்பிஎம்மில் இழுவை ஒரு டன்னுக்குப் பக்கம். 7500-க்கு ஏற்றினால் 33 சதவீதம் கூடும். 9000-க்கு ஏற்றினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வர்க்கம் என்றால் என்ன என்று சின்ன வகுப்பில் சதுரக் கட்டம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன் அல்லவா, அது இதற்குத்தான்!

அதனால் டர்போ வைக்கிற ஏழைக்கு முதல் விதி, ஆர்பிஎம்மை ஏற்றாதே. டர்போ இருந்தால் ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. கம்பெனி வைத்த எல்லையிலேயே நிறுத்து. இரண்டாவது, பூஸ்டை 2000 ஆர்பிஎம்மிலேயே முழுசாகக் கொண்டுவராதே. மெதுவாகச் சுற்றும்போது வருகிற பெரிய டார்க்தான் ராடை வளைக்கும். 3500-க்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும். இந்த இரண்டும் இசியூவில் எண்ணை மாற்றுகிற வேலை. ராடு வாங்குகிற வேலை இல்லை.

மூன்றாவது, போல்ட். கழற்றிய ராடு போல்ட்டை மறுபடி போடாதே. ராடு உடைவதைவிட போல்ட் போவதுதான் அதிகம். நல்ல போல்ட் நாலு ஜோடி வாங்குகிற காசு, பேர் தெரியாத "ஃபோர்ஜ்டு" ராடு செட்டில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. புது போல்ட் போட்டால் பெரிய கண்ணின் வட்டம் மாறலாம், அதையும் அளந்து ஹோனிங் பண்ண வேண்டும். நாலு ராடையும் நகைக்கடைத் தராசில் எடை போட்டு ஒரு கிராமுக்குள் கொண்டுவா. பேரிங் இடைவெளிக்குக் கணக்கு, ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 42 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு 0.042. இதெல்லாம் செய்கிற பட்டறை நம் கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. உலகத்தில் பல ஊர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

அடுத்து ஒரு குறுக்கு வழி. "கம்ப்ரஷனைக் குறைக்க ஹெட் கேஸ்கட் இரண்டு போடு, செலவே இல்லை" என்று ஒரு புத்திசாலி சொல்லியிருந்தார். கணக்கு சரிதான். ஒரு சிலிண்டர் 324.5 சிசி, கம்ப்ரஷன் 9.5 என்றால் மேலே இருக்கிற அறை 38.2 சிசி. ஒரு மில்லிமீட்டர் கனம் கூட்டினால் 4.3 சிசி சேர்ந்து கம்ப்ரஷன் 8.6 ஆகும். ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்தில் உள்ள கலவையை நசுக்கி நடுவே தள்ளுவதால்தான் தீ வேகமாகப் பரவுகிறது. அந்த இடுக்கை ஒரு மில்லிமீட்டர் விரித்துவிட்டால் ஓரத்துக் கலவை அங்கேயே தங்கி நாக்கிங் ஆகும். கம்ப்ரஷன் குறைந்ததில் வந்த லாபத்தில் பாதியை இதில் கொடுத்துவிடுவாய். போதாததற்கு இரண்டு கேஸ்கட் நடுவில் தண்ணீர் கசியும். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் ஒன்று, ஹெட்டையும் பிளாக்கையும் கண்ணாடி மாதிரி ஃபேசிங், புது ஹெட் போல்ட். இதுதான் வழி.

இனி பெட்ரோல். இதுதான் உண்மையான காவல்காரன். 85 குதிரை இன்ஜின். 0.4 பார் பூஸ்ட், இன்டர்கூலர் காற்றை 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால் சுமார் 110 குதிரை எதிர்பார்க்கலாம். டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைக்கு ஒரு மணி நேரத்துக்கு 270 கிராம் பெட்ரோல் என்று வைத்தால் மொத்தம் 30 கிலோ. ஒரு சிலிண்டருக்கு 7.5 கிலோ. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதால் 9.4 கிலோ கொடுக்கிற இன்ஜெக்டர் வேண்டும். லிட்டராக்கினால் நிமிடத்துக்கு சுமார் 210 மில்லி. இப்போது பங்குகளில் வருவது இ20. எத்தனால் கலந்ததால் அதே காற்றுக்கு எட்டு சதவீதத்துக்குப் பக்கம் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும். அப்போது 230 மில்லி. இது 85 குதிரைக்கு அளந்து வைத்த இன்ஜெக்டரால் முடிகிற காரியமா? தம்பி, உன் பட்டியலில் இன்ஜெக்டரே இல்லையே!

அவன் அனுப்பிய பட்டியலை இங்கே போடுகிறேன். பிஸ்டன் 80,000. ராடு 60,000. பழைய டர்போவும் மேனிஃபோல்டும் 45,000. மெஷின் வேலை, கேஸ்கட் 30,000. இன்டர்கூலர், பைப் 15,000. இதர செலவு 10,000. ஆக 2,40,000. நூற்றுக்கு 58 ரூபாய் பிஸ்டனுக்கும் ராடுக்கும். இன்ஜெக்டர் இல்லை. பம்ப் இல்லை. இசியூ இல்லை. டியூனிங் இல்லை. காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் போகிறது என்று காட்டுகிற வைட்பேண்ட் மீட்டர் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் நடக்க வைரம் பதித்த செருப்பு வாங்குகிற கதை இது.

அதே பணத்துக்கு நான் போட்ட பட்டியல். டர்போ, மேனிஃபோல்டு 45,000. இசியூவும் டைனோவில் டியூனிங்கும் 65,000. இன்ஜெக்டர், பம்ப், இருபது வருட ரப்பர் ஓஸ்களுக்குப் பதில் புதுசு 25,000. வைட்பேண்ட் மீட்டர் 15,000. நல்ல இன்டர்கூலர், பைப் 20,000. ரிங், பேரிங், ராடு போல்ட், ஹெட் போல்ட், ஸ்டீல் கேஸ்கட், அளந்து செய்கிற மெஷின் வேலை 45,000. டர்போவுக்கு எண்ணெய் ஓஸ், எண்ணெய் தானாக வடிகிற மாதிரி திரும்பும் குழாய், ரேடியேட்டர் வேலை 15,000. ஆக 2,30,000. மீதி 10,000-ஐத் தொடாதே. வண்டியைக் கட்டி இழுத்து வர வேண்டியிருக்கும்.

என் பட்டியலில் கம்பெனி பிஸ்டனும் கம்பெனி ராடும் அப்படியே இருக்கின்றன. விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, அளந்து, திரும்பப் போடுகிறோம். 0.4 பார். 110 குதிரை. "வெறும் 110-ஆ?" என்று சிரிப்பீர்கள். உடையாமல் ஓடுகிற 110, பட்டறை மூலையில் சாக்குப் போட்டு மூடியிருக்கிற 200-ஐவிடப் பெரிது.

எதிர்க்கட்சியின் நல்ல வாதம் ஒன்று உண்டு, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். "இன்ஜினை இரண்டு தடவை பிரிப்பதற்கு இரண்டு கூலி. பிரிக்கும்போதே ஃபோர்ஜ்டு போட்டுவிட்டால் மிச்சம்." இது பொய் இல்லை. இசியூ, இன்ஜெக்டர், டியூனிங் எல்லாவற்றுக்கும் பணம் எடுத்து வைத்த பிறகு கையில் இன்னும் ஒன்றரை லட்சம் இருந்தால், 150 குதிரைக்கு மேல்தான் வேண்டும் என்று முடிவும் பண்ணியிருந்தால், ஒரே தடவையில் போடு. நானே அளந்து தருகிறேன். அப்போதும் முதலில் ராடு, அப்புறம் பிஸ்டன். ஏனென்றால் பிஸ்டனை டியூனிங் காப்பாற்றும். அவ்வளவு டார்க்கிலிருந்து ராடை டியூனிங் முழுசாகக் காப்பாற்ற முடியாது. பிஸ்டன் உடைந்தால் சிலிண்டரோடு போகும், ராடு உடைந்தால் பிளாக்கில் ஓட்டை. ஆனால் ஒன்றை வாங்க இன்னொன்றை விடுவதாக இருந்தால், விட வேண்டியது ஃபோர்ஜ்டைத்தான். மிச்சம் பிடிக்கிறேன் என்று அரைகுறையாகச் செய்தால் மூன்றாவது தடவையும் பிரிப்பாய். அந்தக் கூலியையும் கணக்கில் சேர்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இந்த வண்டியை அவிநாசி ரோட்டில் ஓட்டி யாரையாவது இடித்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிக்க வாய்ப்புண்டு. இடிபட்டவர் குடும்பம் என்ன ஆகும்? ஓட்டுவதென்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. வண்டியை ஏற்றிக்கொண்டு போ, ஓட்டு, ஏற்றிக்கொண்டு வா.

அந்தச் செட்டிபாளையம் டிராக் யார் பெயரில் இருக்கிறது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் யோசித்தீர்களா? கரிவரதன். பணக்காரர்தான். ஆனால் அவர் என்ன செய்தார்? மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று சின்ன ரேஸ் கார் கட்டினார். குறைந்த செலவில் நிறைய பேர் ரேஸ் ஓட்ட வழி வந்தது அப்படித்தான். நம் ஊர் நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் தொடங்கித்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் போய்ச் சேர்ந்தார். சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொள்வது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. எவ்வளவு குதிரை என்று வாயால் அளப்பதுதான் புதுசு.

கடைசியாக அந்த நாற்பது பேருக்கும் ஒரு வார்த்தை. உங்களில் எத்தனை பேர் சொந்தக் காசில் ஒரு இன்ஜின் கட்டியிருக்கிறீர்கள்? எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர். அதில் ஒருவன் வண்டி எங்கள் பட்டறையில்தான் ஏழு மாதம் நின்றது. அடுத்தவன் பணத்தில் யோசனை சொல்வது சுலபம், சாமி. நகை மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போகும்போது உங்களில் யார் போய் நிற்கப் போகிறீர்கள்?

தம்பி, உனக்கு. ஆசையை விடச் சொல்லவில்லை. நீ மூன்றாம் வகுப்பிலேயே தீப்பெட்டியில் வண்டி செய்து பெஞ்சில் ஓட்டியவன், அது உன் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை அடகுக்கடைக்குப் போகாதே. கையில் இருக்கிற சீட்டுப் பணம் 90,000-த்தில் முதலில் வைட்பேண்ட் மீட்டரும் இசியூவும் வாங்கு. டர்போ இல்லாமலேயே அந்த இன்ஜினை ஒழுங்காக டியூன் பண்ணி ஆறு மாதம் டிராக்கில் ஓட்டு. அதில் நீ கற்றுக்கொள்வது எந்த பிஸ்டனோடும் டப்பாவில் வராது. அடுத்த சீட்டு எடுத்ததும் டர்போ வாங்கு. மெஷின் வேலைக்கு நம் பட்டறைக்கு வா. இப்போது பையன் பார்க்கிறான், ஆனால் ரிங் இடைவெளியை நானே உட்கார்ந்து அளந்து தருகிறேன். கூலி வேண்டாம்.

திங்கட்கிழமை காலையில் உன் வீட்டுக்காரிக்குப் போன் பண்ணுவேன். கொடி கழுத்தில் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்பேன்.

மறுத்துப் பேச வேண்டும் என்கிறவர்கள் தாராளமாகப் பேசலாம். எண்ணோடு வாருங்கள். "மச்சி, எல்லாரும் போடறாங்க" என்பது பதில் இல்லை. அதை நான் வகுப்பிலேயே ஒத்துக்கொண்டதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்